மாதாவுக்கு வலப்பக்கத்துச் சம்மனசு

எங்கள் ஊருக்குச் சொர்க்கம் ஒரு லாரித் தார்ப்பாயில் வந்தது. இதைச் சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. நான் வாயாடி என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அதனால் நான் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்பார்கள். இந்த ஒரு கதையில் மட்டும் எதையும் கழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஜலகண்டாபுரத்துக்கும் மேட்டூருக்கும் நடுவில், தறிச் சத்தம் ஓயாத சின்ன ஊர் எங்களுடையது. விண்ணேற்பு மாதா கோயில் ஒன்று உண்டு. ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி திருவிழா. மாதாவைச் சம்மனசுகள், அதாவது தேவதூதர்கள், ஆத்துமத்தோடும் சரீரத்தோடும் சொர்க்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போன நாள். பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய் வாங்கித் தின்றுவிட்டு, அதே சட்டையோடு கோயிலுக்கு ஓடுவோம்.

எனக்கு அப்போது எட்டு வயது. அம்மா குவைத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எனக்கு நாலு வயசாக இருக்கும்போது போனவள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வரவேண்டிய லீவு கடைசி நேரத்தில் ரத்தாகி, அப்படியே நான்கு வருஷம் ஓடிப்போயிருந்தது. அப்பா ரிக் வண்டியில் வேலை. ஆழ்குழாய்க் கிணற்றுக்குப் போர் போடுவதற்காக ராஜஸ்தான், ஒரிசா என்று கண்காணாத ஊர்களில் மாதக்கணக்கில் கிடப்பார். நான் வளர்ந்தது சித்தி வீட்டில். அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. சித்தப்பாவுக்கு வீட்டோடு நாலு விசைத்தறி. அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எதிர் வீட்டு டெலிபோனுக்கு அம்மா பேசுவாள். சித்தியை எப்போதும் ‘நீ’, ‘வா’, ‘போ’ என்றுதான் பேசுவேன். அம்மாவிடம் மட்டும் டீச்சரிடம் பேசுகிற மாதிரி ‘நீங்க’ வந்துவிடும். “சாப்பிட்டியா சாமி?” என்பாள். “சாப்பிட்டேனுங்க” என்பேன். பிறகு இரண்டு பேருக்கும் என்ன பேசுவது என்று தெரியாது. வயரில் கடல் இரைகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். அதற்குள் மூன்று நிமிஷம் முடிந்துவிடும்.

குரல் கிடைத்துக்கொண்டிருந்தது. முகம்தான் கிடைக்கவில்லை. வீட்டில் இருந்தது இரண்டே படம். ஒன்று கல்யாணப் படம், தலை கவிழ்ந்து முக்காட்டுக்குள் மூக்கு நுனி மட்டும் தெரிந்தது. இன்னொன்று குவைத்திலிருந்து வந்தது. பெரிய நீரூற்றுக்கு முன்னால் வெள்ளை உடுப்பில் கட்டைவிரல் அளவு உருவம், வெயிலில் முகம் இருட்டடித்திருந்தது. அதை விளக்கடியில் பிடித்து, சாய்த்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து எல்லாம் பார்த்தாயிற்று. படுத்துக் கண்ணை மூடினால் எனக்கு அம்மா முகம் வரவேண்டும், வராது. அதற்காக எத்தனை நாள் தலையணைக்குள் அழுதிருக்கிறேன் என்பது எனக்கும் தலையணைக்கும்தான் தெரியும். சித்திக்கும் தெரிந்திருக்கலாம், தலையணை உறை துவைப்பவள் அவள்தானே.

அந்த வருஷம் புதிதாக வந்திருந்த பங்குச் சாமியாருக்கு, சாமியார் பங்களாவின் பழைய பீரோவிலிருந்து ஒரு புத்தகம் கிடைத்தது. எந்தக் காலத்திலோ இருந்த வெள்ளைக்காரச் சாமியார் விட்டுப்போனது. தூக்கவே இரண்டு கை வேண்டும். முழுக்க வேதாகமக் காட்சிகள், எல்லாம் கறுப்பு மையில் மயிரிழைக் கோடுகளால் போட்ட படங்கள். கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறவனுக்கு மேலே ஏணி போட்டு இறங்கும் சம்மனசுகள், இரண்டாகப் பிளந்து நிற்கும் கடல், ஊரை விட்டு ஓடும் கூட்டத்துக்குப் பின்னால் நெருப்பு மழை. ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பு முடிந்ததும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காட்டினவர்களுக்கு மட்டும் சாமியார் பக்கம் புரட்டிக் காட்டுவார். நான் மூன்று தரம் கழுவுவேன்.

அதில் சொர்க்கம் என்று ஒரு படம். ஒன்றுக்குள் ஒன்றாக வளையம் வளையமாகச் சம்மனசுகள், நடுவில் கண்ணைக் கூசும் வெளிச்சம். கீழே ஒரு பாறை மேட்டில் எறும்பு மாதிரி ஓர் ஆள் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பான். எனக்கு அந்த ஆளை நன்றாகத் தெரியும். நானும் அப்படித்தான் மொட்டை மாடியில் நின்று, போகிற பிளேனையெல்லாம் அண்ணாந்து பார்ப்பேன். குவைத் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தொட்டுக் காட்டத் தெரிந்த பிறகும், அம்மா மேலே ஏறிப் போனவள், மேலேதான் இருப்பாள் என்ற நினைப்பு போகவில்லை.

இந்தப் படத்தைத்தான் பெரிதாக வரைந்து, நடுவில் மாதாவை நிறுத்தி, திருவிழாவுக்குக் கோயில் முகப்பில் கட்ட வேண்டும் என்று சாமியாருக்கு ஆசை வந்தது. சங்ககிரியில் லாரிகளுக்குப் பூவும் கழுகும் வரைகிற பெயிண்டர் ஒருவரைக் கூட்டிவந்தார். புதுத் தார்ப்பாய் ஒன்று வாங்கி, கோயிலுக்குப் பின்னால் ஓட்டுக் கொட்டகையில் சுவரோடு சுவராக இழுத்துக் கட்டினார்கள். பெயிண்டர் முழுக்க நரைத்த தலையோடு ஒல்லியாக இருப்பார். அவர் கந்தசாமியைக் கும்பிடுகிறவர். வேதாகமத்தில் ஆதி எது அந்தம் எது என்று ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தப் புத்தகத்தை முதல் நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை வைத்த கண் வாங்காமல் பார்த்தார். பெயிண்ட் டப்பாவைத் திறக்கவேயில்லை. மறுநாள் சாமியாரிடம் சொன்னார்:

“ஃபாதருங்க, நேத்தெல்லாம் பாத்தேன். வெறுங் கறுப்புக் கோடு. இதுல இம்புட்டு வெளிச்சம் எங்கிருந்துங்க வருதுன்னு எனக்குப் புடிபடவே இல்லீங்க. ராவோட ராவாத்தான் தெரிஞ்சுது. அந்த மனுசன் வெளிச்சத்தைப் போடவே இல்லீங்க. அந்த எடத்தைத் தொடாம உட்டுட்டாருங்க.”

சாமியார் அசந்துபோய் அவருக்கு ஒரு டீ வாங்கிவரச் சொன்னார்.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. அவரிடம் இருந்தது லாரிப் பெயிண்ட். ஆகவே எங்கள் சொர்க்கம் டேங்கர் லாரி நீலத்தில் விடிந்தது, ரிக் வண்டி மஞ்சளில் ஒளிவிட்டது. மேகங்களைப் புத்தகத்தில் பஞ்சு மாதிரி போட்டிருந்தார்கள். இவர் கன்னங்கரேலென்று மழை மேகமாகப் போட்டுவைத்தார். சாமியார் ஏன் என்று கேட்டதற்கு, “சொர்க்கம்னா மழை பேயாமயா இருக்குமுங்க?” என்றார். மூன்று வருஷமாக ஏரிக்குத் தண்ணீர் வராத ஊரில் இதற்கு யாரும் மறுத்துப் பேச முடியவில்லை. லாரியில் வரைகிற பழக்கத்தில் கீழ் மூலையில் திருஷ்டிக்கு இரண்டு கண் போட்டார். சாமியார் கூடவே கூடாது என்றார். கண் போடாமல் எந்த வேலையையும் விட்டதில்லை என்று பெயிண்டர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார். ஒரு பகல் முழுக்க வேலை நின்றது. கடைசியில் ஒரு கண்ணை அழித்து, மற்றதைச் சுற்றி ஒரு முக்கோணம் போட்டு, கதிர் வீசவைத்து, அது சர்வேசுரனுடைய கண் என்று இரண்டு பேரும் சமாதானம் ஆனார்கள்.

சம்மனசுகளின் முகத்தில்தான் வண்டி நின்றது. தூரத்து வளையங்களில் பொட்டுப் பொட்டாக வைத்துவிட்டார். மாதா முகத்தைப் பீடத்துச் சுரூபத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டார். ஆனால் மாதாவைத் தாங்கும் ஏழு பெரிய சம்மனசுகளுக்குப் புத்தகத்து முகம் அவருக்குக் கைவரவில்லை. “இந்த மூஞ்சிங்களை நான் வாழ்க்கையில பாத்ததில்லீங்க. பாக்காத மொகத்துக்கு எப்படீங்க உசுரு குடுக்கறது? நம்ம ஆளுங்களைக் காட்டுங்க, போட்டுத் தாரேன்.”

இது ஊரில் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாளே கொட்டகை வாசலில் தலை வாரிப் பவுடர் பூசிக்கொண்டு பாதி ஊர் நின்றது. எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லித்தரும் உபதேசியார் மிக்கேல் சம்மனசு ஆனார், மீசையை எடுக்க மாட்டேன் என்றதால் எங்கள் மிக்கேல் சம்மனசுக்கு மீசை உண்டு. பாட்டு டீச்சர் ஒரு சம்மனசு. பஞ்சாயத்துத் தலைவரின் மருமகள் ஒரு சம்மனசு, தன் மாமியாரைச் சம்மனசாகப் போட்டால் தான் எழுந்துபோய்விடுவதாகச் சொல்லிப் பெற்ற இடம் அது. இப்படி ஆறு முகம் ஆயிற்று. மாதாவுக்கு வலப்பக்கத்துச் சம்மனசு மட்டும் முகமில்லாமல் நின்றது.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. லீவு கிடைத்துவிட்டது, திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னதாக வந்துவிடுவேன். சித்தி அந்தக் கடிதத்தை எனக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினாள். நான் நேராகக் கொட்டகைக்கு ஓடினேன்.

“பெயிண்டர் மாமா, அந்தச் சம்மனசுக்கு எங்கம்மா மொகத்தைப் போடுங்க. எங்கம்மா வர்றாங்க. வந்து பாக்கோணும்.”

“போட்டுட்டாப் போச்சு. படம் கொண்டா கண்ணு.”

இரண்டு படத்தையும் கொண்டுபோனேன். ஒன்றில் மூக்கு நுனி, இன்னொன்றில் கட்டைவிரல். அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். என் கண் கலங்குவதைப் பார்த்ததும் என்ன தோன்றியதோ, ஒரு சாக்கை விரித்து என்னை உட்காரவைத்தார்.

“நீ கண்ணை மூடிக்க. உங்கம்மாவை நெனச்சுக்க. நீ சொல்லு, நான் கரியில போடறேன். தப்பாப் போனா அழிச்சுக்கலாம். ஆனா நான் சொல்ற வரைக்கும் கண்ணைத் தொறக்கப்படாது.”

மூன்று நாள், பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய் உட்கார்ந்தேன். முதல் நாள் ஒன்றும் வரவில்லை. அழகான மூக்கு, அழகான கண் என்று எதையோ உளறினேன். “அழகுன்னா எனக்கு எதைப் போடறதுன்னு தெரியாது கண்ணு. உங்கம்மா உன்ர பக்கத்துல இருக்கறாப்பல நெனச்சுக்க. இப்ப என்ன பண்றாங்க?” என்று கேட்டார். அப்படிக் கேட்டதும்தான் மடை திறந்தது.

சோறு ஊட்டுகிறாள் என்றேன். எனக்கு ஊட்டும்போது தன் வாயையும் கொஞ்சம் திறப்பாள் என்றேன். சிரித்தால் இடப்பக்கம் உதடு முதலில் ஏறும், வலப்பக்கம் அப்புறம்தான் வரும். தலை வாரிவிடும்போது என் உச்சியில் தாடையை வைத்துக்கொள்வாள், அந்தத் தாடையில் ஒரு சின்னக் குழி. காய்ச்சல் வந்தால் புருவம் இரண்டும் நடுவில் ஏறி, கூரை மாதிரி நிற்கும். மேல் வரிசையில் ஒரு பல் இன்னொரு பல்லின் மேல் கொஞ்சம் ஏறியிருக்கும். காதோரம் முடி எத்தனை எண்ணெய் வைத்தாலும் அடங்காது. சொல்லச் சொல்ல வந்துகொண்டேயிருந்தது. நான்கு வருஷம் நான் தேடித் தேடிக் கிடைக்காதது எல்லாம் இத்தனை நாள் எங்கே இருந்தது என்று எனக்கே ஆச்சரியம். அவர் கரியால் கீறுவதும் துணியால் துடைப்பதும் காதில் விழுந்துகொண்டிருந்தது.

மூன்றாம் நாள், “இப்பத் தொற” என்றார்.

திறந்தேன். அதுதான். அதேதான். யாரை நினைத்துத் தலையணைக்குள் அழுதேனோ, அந்த முகம் வாயைக் கொஞ்சம் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. “அம்மா!” என்று ஓடிப்போய்த் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டேன். சம்மனசின் அங்கியில் காயாத மஞ்சள் பெயிண்ட் எல்லாம் என் யூனிபாரத்தில் ஒட்டிக்கொண்டது. சட்டை பாழாய்ப் போயிற்று, எனக்கென்ன வந்தது.

அன்றைக்கு என்னைத் தேடிக்கொண்டு சித்தி வந்தாள். பெயிண்டருக்குக் கொடுக்க ஒரு தூக்குப்போசியில் காபியும் கொண்டுவந்திருந்தாள். உள்ளே கால் வைத்தவள் படத்தைப் பார்த்தாள், அப்படியே நின்றுவிட்டாள். பெயிண்டர் திரும்பி அவளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். அவர் கையிலிருந்த கரித்துண்டு கீழே விழுந்தது. “ஏனுங்க அம்மிணி...” என்று ஏதோ சொல்ல வந்தார். சித்தி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள். தூக்குப்போசி வாசலிலேயே கிடந்தது.

எனக்குக் கோபம். நான் எவ்வளவு பாடுபட்டுச் சொல்லியிருக்கிறேன், ஒரு வார்த்தை நல்லாயிருக்கு என்று சொன்னால் குறைந்தா போய்விடுவாள்? அன்று முழுக்க அவள் என் முகத்தைப் பார்த்தே பேசவில்லை. சாயங்காலம் செபம் சொல்லும்போது பாதி மந்திரத்தில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். ஊட்டிவிடு என்றதற்கு, எட்டு வயசுக் கழுதைக்கு என்ன ஊட்டல், கையில எடுத்துத் தின்னு என்றாள். அவள் என்னைக் கழுதை என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு ஓடினால், கொட்டகைக்குள் சித்தியின் குரல்.

“அண்ணா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். மூக்கையாவது மாத்துங்க, வாயையாவது மாத்துங்க. எங்கக்கா நாலு வருசங் கழிச்சு வாராங்க. வந்து நிக்கறப்ப இதையா பாக்கோணும்?”

எட்டிப் பார்த்தேன். பெயிண்டர் மண்ணெண்ணெய் நனைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு, துடைப்பதா வேண்டாமா என்று நின்றிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. உள்ளே பாய்ந்து, படத்துக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றேன்.

“எங்கம்மாவைத் தொடாதீங்க!” என்று கத்தினேன். அதோடு விட்டேனா? சித்தியைப் பார்த்துச் சொன்னேன்: “உன் மூஞ்சி வரலைன்னு உனக்குப் பொறாமை! எங்கம்மா சம்மனசாயிட்டாங்கன்னு பொறாமை!”

பெயிண்டர் “கண்ணு, கண்ணு” என்று பதறினார். சித்தி அவரைக் கையமர்த்தினாள். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் புருவம் இரண்டும் நடுவில் ஏறி நின்றது இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஞாபகம் இருந்து என்ன பிரயோசனம், அன்றைக்கு நான் அதைப் பார்க்கவில்லையே.

“ஆமா சாமி, பொறாமைதான்” என்றாள் சித்தி. “உட்டுடுங்கண்ணா. பொறவு இவ தாங்க மாட்டா.”

பெயிண்டர் துணியைக் கீழே போட்டார். அன்றே அந்த முகத்துக்கு வண்ணம் கொடுத்தார். மற்ற ஆறு முகத்துக்கும் எடுத்துக்கொண்டதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார் என்று எனக்கு ஒரே பெருமை.

ஆகஸ்ட் ஆறாம் தேதி, திருவிழாக் கொடியேற்றத்தன்று தார்ப்பாயைக் கோயில் முகப்பில் தூக்கிக் கட்டினார்கள். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், தார்ப்பாய் எம்மாத்திரம்? நாலு பக்கமும் கயிறு கட்டியும் காற்று உள்ளே புகுந்து உப்பும். சம்மனசுகளெல்லாம் மேகத்தோடு ஏறி இறங்குவார்கள். சனம் ஆவென்று பார்த்தது. மீசைவைத்த மிக்கேலைப் பார்த்துச் சிரித்தார்கள், பாட்டு டீச்சரை அடையாளம் கண்டு கைதட்டினார்கள். வலப்பக்கத்துச் சம்மனசைப் பார்த்ததும் எல்லார் சத்தமும் அடங்கியது.

“அது எங்கம்மா. நான்தான் சொன்னேன், சொல்லச் சொல்லப் பெயிண்டர் மாமா போட்டாரு” என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன்.

எங்கள் ஊர் எப்பேர்ப்பட்ட ஊர் தெரியுமா? ஒரு வீட்டில் தோசை கருகினால் அடுத்த தெருவில் அதற்கு மூன்று காரணம் சொல்வார்கள். அந்த ஊரில் அன்றைக்கு ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. “ஆமா சாமி, அச்சு அசலா உங்கம்மாவேதான்” என்றார் உபதேசியார். பாட்டு டீச்சர், அந்தச் சம்மனசு வாயைத் திறந்து அல்லேலூயா பாடுவதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும், “இது உங்க சித்தியாட்டம் இருக்குதுடி” என்றான். அக்கா தங்கச்சின்னா ஒரே சாடைதான் இருப்பாங்க, இதுகூடத் தெரியாதா மடையா என்று அவன் தலையில் ஒரு குட்டுவைத்தேன். அவனுடைய அம்மா வந்து அவனுக்கே இன்னொரு குட்டுவைத்து இழுத்துக்கொண்டு போனாள். நியாயம் ஜெயித்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஒரு வாரமும் சித்தி கோயில் வாசல் வழியாகவே போகவில்லை. நவநாள் செபத்துக்குக்கூடப் பக்கவாட்டுக் கதவு வழியாக நுழைந்து தூண் மறைவில் உட்கார்ந்தாள்.

அம்மா பதிமூன்றாம் தேதி காலையில் வந்தாள். சேலத்தில் ரயில் இறங்கி, வாடகைக் காரில், இரண்டு பெரிய பெட்டியோடு. நான் நான்கு வருஷமாக அந்தக் கார் வந்து நிற்பதைத்தான் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்வதாக ஏற்பாடு. கதவு திறந்து, கண்ணாடி போட்ட, வெள்ளையாக ஊதிய, யாரோ ஒரு வீட்டுச் சோப்பு வாசனை அடிக்கிற அம்மாள் இறங்கினாள். நான் சித்தியின் சேலைக்குப் பின்னால் போய்விட்டேன். சித்தி என்னை முன்னால் தள்ளினாள். “வாங்க” என்றேன், விருந்தாளியிடம் சொல்வது போல. அம்மா சிரித்தாள். அப்படியே முழங்காலிட்டு என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். எனக்கோ கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஆனால் என்னிடம் சம்மனசு இருந்ததே! அதைக் காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்தேன். இட்லியை அம்மா பாதிகூடத் தின்னவில்லை, “கோயிலுக்குப் போலாம், வாங்க, ஒண்ணு காட்டறேன்” என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

“வெயில் தாழட்டும் சாமி. அக்கா சித்த நேரம் படுக்கட்டும்” என்றாள் சித்தி. அப்புறம் குளிக்கட்டும் என்றாள். அப்புறம், பெட்டியைத் திறந்து பார்க்கலாமே, உனக்கு என்னென்ன வந்திருக்குதோ என்றாள். பொறாமை எப்படியெல்லாம் வேலை செய்கிறது பாருங்கள் என்று நான் உள்ளுக்குள் பல்லைக் கடித்தேன். அம்மா என் அவசரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினாள். சித்தி வேறு வழியில்லாமல் பின்னாலேயே வந்தாள்.

கோயில் வாசலில் பெயிண்டர் ஏணி மேல் நின்று, தளர்ந்த கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். நான் அம்மாவை நடு மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

“மாதாவுக்கு வலப்பக்கம் பாருங்க. யாருன்னு சொல்லுங்க பாக்கலாம்?”

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். அண்ணாந்து பார்த்தாள். முதலில் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. தெரிந்தவர்களைப் பார்த்தால் வருமே, அந்தச் சிரிப்பு. ஏதோ பெயர் சொல்லப் போகிறவள் மாதிரி வாயெடுத்தாள். எனக்கு அதுவரை பொறுக்கவில்லை.

“நீங்கதாம்மா அது!” என்று குதித்தேன். “படத்துல சரியாத் தெரியலைன்னு நானே கண்ணை மூடிட்டுச் சொன்னேன். மூணு நாளு! எல்லாம் ஞாபகத்துலயிருந்தே சொன்னேன்!”

அம்மா ஒரு தரம் பின்னால் திரும்பிப் பார்த்தாள், மறுபடி படத்தை அண்ணாந்து பார்த்தாள். நான் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன். கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தான் செய்தது. வெளிநாட்டுத் தண்ணீரில் முகம் உப்பிவிட்டது, அதோடு அந்தக் கண்ணாடி வேறு. நம் ஊர்ச் சோறு பத்து நாள் தின்றால் படத்து முகம் திரும்பிவந்துவிடும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

“இம்புட்டு நல்லா எப்படிச் சாமி ஞாபகம் வச்சிருந்தே?” என்று கேட்டாள் அம்மா. குரல் டெலிபோனில் வருகிற மாதிரி எங்கேயோ இருந்து வந்தது.

“தெனமும் நெனச்சுக்குவேம்மா. தெனமும்.”

அவள் என் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுக்கமாக இருந்தது, காது வலித்தது. இருந்தாலும் நான் அசையவில்லை. நான்கு வருஷமாக எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பிடிதான்.

பெயிண்டர் ஏணியை விட்டு இறங்கி வந்தார். கையில் ஒட்டியிருந்த பெயிண்டைத் துடைத்துத் துடைத்துத் தோலை உரித்துவிடுவார் போலிருந்தது. “தப்பா எடுத்துக்காதீங்க அம்மிணி. கொழந்தை சொல்லுச்சுங்க, நான் போட்டேன். உங்களை நான் கண்டதில்லீங்க. இப்பக் கண்டுட்டேன். ஒரு மணி நேரம் குடுத்தீங்கன்னா மாத்திப்போடறேனுங்க. நாளன்னிக்குத் திருவிழாவுக்கு உங்க மொகம் இருக்குமுங்க.”

“வேண்டாமுங்க” என்றாள் அம்மா.

“அம்மிணி, ஒரு மணி நேரந்தானுங்க...”

“ஒரு கோடுகூட மாத்தாதீங்க. அது அப்படியே இருக்கோணும்.”

சொல்லிவிட்டு அம்மா திரும்பினாள். சித்தி மைதானத்துக்குள் வரவேயில்லை, கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். அம்மா என் கையை விட்டுவிட்டு அவளிடம் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். சித்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, “அக்கா, நான் ஒண்ணுஞ் சொல்லிக் குடுக்கலீங்க அக்கா. அவளாத்தான்... மாதா மேல சத்தியமா நான் சொல்லிக் குடுக்கலீங்க” என்று அழுதாள்.

“போடி பைத்தியக்காரி” என்றாள் அம்மா. “சொல்லிக் குடுத்தா வர்ற மொகமாடி அது?”

பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, நடுரோடு என்றும் பார்க்காமல், போகிற வருகிற டவுன் பஸ்ஸெல்லாம் பார்க்க அழுதார்கள். எனக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. சித்தி தன் பொறாமைக்கு மன்னிப்புக் கேட்கிறாள், அம்மா பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டாள். சரி, பெரியவர்களே மன்னித்த பிறகு நாம் மட்டும் மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று நானும் சித்தியை மன்னித்தேன்.

அன்று சாயங்காலம் அம்மா கொண்டுவந்த சாக்லேட் டப்பாவை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஆளுக்கு இரண்டு கொடுத்துச் சொன்னேன்: எங்கம்மாவுக்குத் தன் படம் அவ்வளவு பிடித்துப்போய்விட்டது, பார்த்துப் பார்த்து அழுதாங்க, பெயிண்டர் மாமா திருத்தறேன் என்று கெஞ்சியும் ஒரு கோடுகூட மாத்தக் கூடாது என்று சொல்லிட்டாங்க. எல்லாரும் சாக்லேட்டை வாங்கிக்கொண்டார்கள். உபதேசியார் என் தலையில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் எடுக்கவேயில்லை. பாட்டு டீச்சர் கதவைப் பாதி சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். இத்தனை சந்தோஷமான சேதியைச் சொல்லியும் ஏன் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை என்று எனக்கு ஒரே எரிச்சலாக இருந்தது.